பொனற்றில் பூசிய திருநீறு

முன்பின் தெரியாத ஒருத்தியின் கல்யாணப் படம் அது. கூறைச்சேலையோடு எங்கள் கறுப்புக் காரின் முன்பக்கத்தில் சாய்ந்து நிற்கிறாள். பின்னேர வெயில் பொனற்றில் விழுந்து, அந்த இடம் முழுக்கச் சிலந்திவலை. நூல் நூலாக, வட்டம் வட்டமாக ஆயிரம் கீறல். கனடாவில் இருக்கும் என் தம்பி கஜானன் அதைப் பேஸ்புக்கில் கண்டெடுத்து, சிவப்பால் வட்டம் போட்டு எனக்கு அனுப்பியிருந்தான். கூடவே ஒரு குரல் பதிவு.

"அக்கா, உது என்ரை கார்தானே? நம்பரைப் பார்த்துத்தான் நம்பினன். வாங்கித் தரேக்கை கண்ணாடி மாதிரி இருந்தது. என்ன, தும்புக்கட்டையாலையோ கழுவுறியள்? என்ரை கல்யாணத்துக்கு வரேக்கை பாக்கிறன். வைச்சுப் பாக்க ஏலாட்டிச் சொல்லுங்கோ, வித்துப்போடுவம்."

வித்துப்போடுவம்! சொல்ல எவ்வளவு சுகம்! அந்தக் காரை நம்பித்தான் எங்கள் வீட்டில் உலை வைக்கிறோம். என் கணவர் பிரகலாதன் நெஞ்சு வெட்டி ஒப்பரேஷன் செய்தவர். நீர்வேலியில் வாழைத்தோட்டம் கொத்திய மனிதனை, இனிமேல் ஒரு வாளித் தண்ணீரும் தூக்கக் கூடாது என்று டொக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்த நேரம் ஊருக்கு வந்து இந்தக் காரை வாங்கி, "அத்தான், நீங்கள் ஓடுங்கோ. நான் வரேக்கை எனக்கும் ஒண்டு வேணும்தானே" என்று சாவியைக் கையில் கொடுத்தவன் கஜானன்தான். அதை நான் மறக்கிறவள் இல்லை. கார் அவன் பெயரில் இருந்தது, ஓட்டம் எங்களுக்கு. கல்யாணம், சாமத்தியவீட்டுச் சடங்கு, பலாலி விமான நிலையம் என்று கார் ஓடியது, அதோடு எங்கள் வீடும் ஓடியது. அது போனால் இவருக்கு வேறு தொழில் இல்லை. இன்றைக்குக் கார் விற்கிற விலையில் நாங்கள் இன்னொன்று வாங்குவதென்றால் அடுத்த பிறவியில்தான்.

கீறல் எங்கேயிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? பாதி எங்கள் செம்பாட்டு மண். மீதி இந்த மனிதனின் பக்தி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் குளித்துவிட்டு வந்து பொனற்றின் நடுவில் மூன்று விரலால் திருநீறு பூசி, சந்தனப்பொட்டும் வைப்பார். பூசட்டும், யார் வேண்டாம் என்றது? அதை அழிக்கிற விதத்தில்தான் பிழை. தண்ணீர் விட்டுக் கழுவமாட்டார். கழுவினால் திருநீறு நிலத்தில் ஓடிக் காலில் மிதிபடுமாம், பாவமாம். ஆகவே காய்ந்த துவாயால் அழுத்தித் துடைத்து, அந்தத் துவாயைக் கொண்டுபோய்ச் செவ்வரத்தை மரத்தடியில் உதறுவார். பிறகு அதே துவாயால் மிச்சக் காரையும் ஒரு துடை. குத்துவிளக்கைச் சாம்பல் போட்டு மினுக்குகிற சனம் நாங்கள். அந்தச் சாம்பல் கறுப்புப் பெயின்றை என்ன செய்யும் என்று எங்கள் இரண்டு பேரின் மண்டைக்கும் எட்டவில்லை.

"உங்கடை பக்தியிலை கார் தேஞ்சு போச்சு" என்று படத்தைக் காட்டிக் கத்தினேன்.

"முருகன் காப்பாத்தினதாலைதான் நான் இருக்கிறன், இஞ்சாரும்" என்றார்.

"முருகனே துவாயாலை தேய்க்கச் சொன்னவர்?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். முகம் செத்துப் போயிற்று. எனக்கு ஏன் கத்தினேன் என்றாகிவிட்டது.

யாழ்ப்பாணம் டவுனில் இதற்கென்றே ஒரு கடை இருக்கிறது. நிலமெல்லாம் மாபிள், மேலே வரிசையாக ட்யூப் லைட். அங்கே நின்ற பெடியன் டோர்ச் அடித்துப் பார்த்து, "மேல் பூச்சிலைதான் கீறல், மெசின் போட்டு எடுக்கலாம்" என்று சொல்லி விலையையும் சொன்னான். இவர் நெஞ்சைத் தடவினார். நான் கார்க் கதவைத் திறந்து, "ஏறுங்கோ" என்றேன்.

சரி, நாங்களே செய்வோம் என்று இறங்கினேன். அடுத்த வளவில் இருக்கிற றஞ்சித் இரும்பு கேற் அடிக்கிறவன். எதற்கும் ஒரு யோசனை வைத்திருப்பான். "துஷாக்கா, பற்பசை போட்டுத் தேயுங்கோ, பளிங்கு மாதிரி வரும்" என்றான். டிக்கியின் ஒரு மூலையில் தேய்த்துப் பார்த்தேன். கார் பல் விளக்கிவிட்டு வந்த மாதிரி மணத்தது, அவ்வளவுதான். கீறலுக்கு மேலே மூடுபனி மாதிரி ஒரு புகாரும் படிந்தது.

பிறகு போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். வெள்ளைக்காரன் ஒருவன், ஹிந்திக்காரன் ஒருவன். பாசை விளங்காவிட்டாலும் கை விளங்கும். மோட்டர் சாமான் கடையில் கட்டிங் கொம்பவுண்ட் ஒரு சின்ன டின் வாங்கினேன். அது நைஸான மண் கலந்த களிம்பு மாதிரி, கீறலைச் சுற்றியிருக்கிற பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து மட்டம் ஆக்கும். பூவாக இருக்கிற மைக்ரோ துணி நாலைந்து, ஒரு ஸ்பொஞ். எங்கள் செலவு அதோடு சரி. மிச்சமெல்லாம் என் தோள்பட்டை.

முதலில் தண்ணீரை ஊற்றோ ஊற்று என்று ஊற்றி மண் ஒரு பொட்டும் இல்லாமல் கழுவ வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், காயவிட்டால் வெள்ளைப் புள்ளி விழும், ஆகவே உடனே ஒற்றியெடுக்க வேண்டும். பிறகு மா மரத்து நிழலில் ஒரு சாண் இடம், அதற்கு ஒரு பொட்டுக் களிம்பு, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். துடைத்துப் பார்த்து, போகாவிட்டால் திரும்பவும் தேய்க்க வேண்டும். இவர் கதிரையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்து துணியை மடித்து மடித்துத் தந்தார். "காணும், விடும். கை நோகும்" என்று இடைக்கிடை சொன்னார். "நீங்கள் வாயை மூடிக்கொண்டு மடியுங்கோ" என்றேன்.

முதல் கதவு முடிந்த பின்னேரம் போன் லைட்டை அடித்துப் பார்த்தோம். சிலந்திவலை இல்லை! ஒரு நூல்கூட இல்லை. கறுப்பு, சும்மா கறுப்பு இல்லை, கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற கறுப்பு. வேலியோரத்து வாழை இலை கிழிசல் கிழிசலாக அதில் தெரிந்தது. இவர் எழும்பி நின்று, "இஞ்சாரும், உம்மடை மூக்குத்தி தெரியுது!" என்று சிரித்தார். ஒப்பரேஷனுக்குப் பிறகு அந்த மனிதன் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. இரவு முழுக்கக் கை விண்விண் என்று குத்தியும் நிம்மதியாகப் படுத்தேன்.

அப்படியே கதவு கதவாக, பின்னால் டிக்கி, மேல் கூரை என்று எல்லாம் முடித்தேன். நகமெல்லாம் கறுத்துப் போயிற்று. மிச்சம் பொனற் மட்டும்தான். கடைசியாக வைத்தது காரணத்தோடுதான். கீறல் ஆழம் அங்கேதான். திருநீறு பூசுகிற நடு இடத்தில் பூச்சே மெலிந்து மங்கிப்போய்க் கிடந்தது. கஜானன் வெள்ளிக்கிழமை காலை வருகிறான், அன்று புதன்கிழமை. மாப்பிள்ளையின் அக்கா நான் இல்லாமல் எங்கள் சித்தி வீட்டில் அன்றைய கல்யாணப் பலகாரச்சூடு நடக்காது. போகத்தான் வேண்டும்.

"பொனற்றிலை கை வையாதேங்கோ. நாளைக்கு நான் ஆறுதலாச் செய்யிறன்" என்று இவரிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனேன்.

பயித்தம் பணியாரமும் முறுக்குமாகப் பையைத் தூக்கிக்கொண்டு பொழுதுபடத் திரும்பி வந்தால், கேற்றடியிலேயே பெயின்ற் எரிந்த மணம். றஞ்சித் மா மரத்தடியில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறான். அவனுடைய இரும்பு தேய்க்கிற கிரைண்டர், முன்னால் ஸ்பொஞ்சுத் துண்டு ஒன்று கட்டியபடி, நிலத்தில் கிடக்கிறது. இவர் சக்கரத்தோடு சாய்ந்து மண்ணில் இருக்கிறார். பொனற்றின் நடுவில், திருநீறு பூசுகிற அதே இடத்தில், என் உள்ளங்கை அளவுக்குக் கறுப்பே இல்லை. அடியில் இருந்த சாம்பல்நிறப் பூச்சு புண் மாதிரித் திறந்து கிடந்தது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்பார்களே, கண்ணால் கண்டேன்.

"அக்கா, நான் சொன்னனான், ஒரிடத்திலை வைச்சு அமத்தாதேங்கோ எண்டு" என்று றஞ்சித் தொடங்கினான்.

"நீ வாயைத் திறந்தாயோ கொன்றுபோடுவன்! கண்டறியாத கிரைண்டர்! தண்டவாளம் வெட்டுற சாமானைக் கொண்டுவந்து காருக்குப் போட்டிருக்கிறாய், கோதாரி விழுவான்! எடுத்துக்கொண்டு போ!"

அவன் போய்விட்டான். நான் இவர் பக்கம் திரும்பினேன். சொல்வதற்கு என் வாயில் ஆயிரம் நின்றது.

"உமக்கு இரவிரவாத் தோள் நோகுது" என்றார் மண்ணைப் பார்த்தபடி. "நித்திரையிலை அனுங்குறீர். அதுதான் நான் முடிச்சு வைப்பமெண்டு..."

முகம் வேர்த்து உதடு வெளிறியிருந்தது. கை நெஞ்சில் கிடந்தது. நான் பயந்துபோனேன். ஆயிரத்தையும் விழுங்கிக்கொண்டு உள்ளே ஓடிப் போய் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தேன். ஆசை தீர ஏசுவதற்குக்கூடக் கொடுத்துவைக்கவில்லை எனக்கு.

வியாழக்கிழமை விடிய பெயின்ற் அடிக்கிற கராஜுக்குப் போனோம். முழுப் பொனற்றும் அடித்துக் காயவிட ஒரு கிழமை என்றார்கள். விலையைக் கேட்கவே இல்லை. வீட்டில் சப்பாத்துப் பொலிஷ் போட்டுப் பார்த்தேன். நிழலில் கறுப்பாக நின்றது, வெயில் பட்டதும் இளகி வடிந்தது. "தம்பிக்குப் போன் எடுத்துச் சொல்லிவிடுவம்" என்று ஒருமுறை இவர் சொன்னார். "வழியிலை வாறவனுக்கு உதைச் சொல்லி ஏன் விசராக்குவான்? வரட்டும்" என்றேன். வந்தால் என்ன சொல்வது என்று எனக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை இவர் வழமைபோலக் குளித்தார். வழமைபோலத் திருநீற்றுக் குடுவையை எடுத்துக்கொண்டு காரடிக்குப் போனார். நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குத் திருநீற்றைத் தண்ணீர் விட்டுக் குழைத்தார். மூன்று குறியும் தடிப்புத் தடிப்பாக, உள்ளங்கை அகலத்துக்கு இழுத்தார். நடுவில் வட்டமாகப் பெரிய சந்தனப்பொட்டு. சாம்பல்நிறம் ஒரு பொட்டும் தெரியவில்லை. உள்ளே வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல், "வெள்ளிக்கிழமைதானே" என்றார்.

"ஓம்" என்றேன். வேறென்ன சொல்ல? வாயைக் கட்டிக்கொண்டு புட்டு அவித்தேன்.

கஜானன் கொழும்பிலிருந்து வான் வண்டியில் வந்து இறங்கினான். முன்னால் கொஞ்சம் வயிறு வைத்திருந்தது, மற்றப்படி அதே பெடியன். என்னைக் கட்டிப் பிடித்துவிட்டு நேரே காரடிக்குப் போனான். பின்கதவுக்கு முன்னால் நின்றவன் நின்றவன்தான். குனிந்தான், சரிந்து பார்த்தான், வெயிலுக்கு நேரே தலையை வைத்துப் பார்த்தான்.

"அக்கா, மெய்யாய் இது அந்தக் கார்தானோ?"

"வேறெந்தக் கார்? கடையிலை குடுக்கேல்லை. நான் என்ரை கையாலை தேய்ச்சனான்."

என் கையைப் பிடித்து நகத்தைப் பார்த்தான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஐயோ அக்கா. நான் வித்துப்போடுவமெண்டது சும்மா வெருட்டினது. நீங்கள் உண்மையெண்டு நம்பிட்டியளோ? அத்தான், இஞ்சை வாங்கோ. கல்யாணம் முடிய உங்கடை பேருக்கே எழுதித் தந்திட்டுப் போறன். கனடாவிலை இருந்துகொண்டு எனக்கேன் இஞ்சை கார்?"

கேட்டீர்களா? எங்கள் பெயருக்கு! இவர் சால்வையால் கண்ணைத் துடைத்தார். நான் மனதுக்குள், கடவுளே, இப்போதே அவனை வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்விடு என்று கும்பிட்டேன். "வா தம்பி, புட்டு ஆறுது" என்று தோளைப் பிடித்து இழுத்தேன்.

"நில்லுங்கோ அக்கா" என்று முன்பக்கம் போனான். திருநீற்றைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றினான். கோயில் வாசலில் நிற்கிற மாதிரி ஒரு நிமிசம் கண்ணை மூடி நின்றான். பிறகு பொனற்றிலிருந்த திருநீற்றில் விரலைத் தொட்டு எடுத்து நெற்றியில் பூசினான்.

குழைத்துப் பூசியது காய்ந்து கிடந்ததால் அவன் தொட்ட இடம் பொருக்காகக் கழன்று விழுந்தது. கண்ணைத் திறந்தவன் அந்த இடத்தைப் பார்த்தான். பெருவிரலால் மெல்லத் தேய்த்தான். இன்னொரு பொருக்குப் போனது. பிறகு உள்ளங்கையால் முழுவதையும் வழித்துவிட்டான். சந்தனமும் போயிற்று.

"இதென்ன அத்தான்?"

நான் குறுக்கே விழுந்தேன். "தம்பி, அது மெசினாலை எரிஞ்சு போச்சு. எனக்குக் கை நோகுமெண்டு உவர்தான்..."

"எரிஞ்சா எரிஞ்சுதெண்டு போனிலை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே? நான் என்ன, உங்களை அடிச்சே போடுவன்?" அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "திருநீற்றைப் பூசி மறைச்சு, என்னைக் கும்பிடவும் வைச்சிட்டியள். அத்தான், நீங்கள் பொய்க்கெல்லே திருநீறு பூசியிருக்கிறியள்."

பொக்கற்றிலிருந்து ரிஷ்யூக் கடதாசியை எடுத்து நெற்றியைத் துடைத்தான். துடைத்துவிட்டு அதை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான். புட்டை அவன் தொடவில்லை. சித்தி வீட்டில் தங்குகிறேன் என்று அதே வானில் போய்விட்டான்.

வட்டுக்கோட்டைப் பொம்பிளை, நல்ல பிள்ளை. கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. மாப்பிள்ளை வாடகைக்கு எடுத்த வெள்ளைக் காரில் போனான். இவர் வேட்டி கட்டிக்கொண்டு மண்டபத்துக் கடைசி வரிசையில் இருந்தார். கூட ஓடுகிற டிரைவர்மார் கண்டுவிட்டு, "என்ன அண்ணை, மச்சான்ரை கலியாணத்துக்கே ஓட்டம் இல்லையோ?" என்று பகிடி விட்டார்கள். இவரும் சிரித்தார்.

காரை விற்க ஆள் பார்க்கிறான் என்று கேள்விப்பட்டு, மண்டபத்துக்குப் பின்னால் கஜானனைத் தனியே பிடித்தேன். "பிழைதான்டா. மறைச்சது பிழைதான். அதுக்கு ஒரு வருத்தக்கார மனுசன்ரை சோத்திலை கை வைப்பியோ?"

"கார்க் கதை இல்லை அக்கா" என்றான். "இவ்வளவு காலமும் நீங்கள் சொன்ன ஒண்டையும் நான் ரெண்டாந்தரம் யோசிச்சதில்லை. இனி எதைச் சொன்னாலும் யோசிப்பன். எனக்கு அது ஏலாது." நான் சண்டைக்கு என்று போனவள், சண்டை பிடிக்க ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தேன்.

காங்கேசன்துறைப் பக்கத்திலிருந்து ஒருவன் வந்து காரை வாங்கினான். பொனற்றைக் காட்டி விலையைக் குறைத்தான், கஜானன் மறுபேச்சுப் பேசவில்லை. சாவி கை மாறியது. வாங்கினவன் ஏறி, காரைப் பின்னால் எடுக்கத் தொடங்கினான். எங்கள் ஒழுங்கை ஒரு கார் மட்டுக்கட்டாகப் போகிற அகலம். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வளைந்து திரும்புகிற ஒரு முடக்கு. அவன் இரண்டுமுறை வெட்டி வெட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தினான். தலையை வெளியே நீட்டி இவரைப் பார்த்தான்.

"அண்ணை, உங்களுக்குத்தானே பழக்கம். ஒருக்கா எடுத்துத் தாறியளோ?"

கஜானன் நிலத்தைப் பார்த்தான். இவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போய் ஏறினார். இரண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கினார். அங்குலம் அங்குலமாகக் கார் பின்னால் போகத் தொடங்கியது. எனக்கு எங்கேயிருந்து வந்ததோ தெரியாது அந்த ஆத்திரம்.

"உரசட்டும் விடுங்கோ!" என்று ஒழுங்கை அதிரக் கத்திக்கொண்டு காருக்குப் பின்னாலேயே போனேன். "ஆரின்ரையோ கார்தானே! கீறினாக் கீறட்டும்! விடுங்கோ!"

அவர் முடக்கில் காரை நிறுத்தி இறங்கினார். வேலியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு கிளுவைக் கொப்பைப் பிடித்து, கதவில் படாமல் வளைத்து உள்ளே செருகினார். மூச்சு வாங்கிக்கொண்டு திரும்ப ஏறினார். தார் றோட்டு வரைக்கும் ஒரு கோடு விழாமல் கொண்டுபோய் நிறுத்தினார்.

இறங்கிச் சாவியைக் கொடுக்கும்போது வாங்கினவனிடம் சொன்னார், "தம்பி, காய்ஞ்ச துணியாலை மட்டும் துடைக்காதேங்கோ. முதல் தண்ணி விட்டுக் கழுவிப்போட்டுத் துடையுங்கோ. என்ரை மனுசி கையாலை தேய்ச்ச கதவுகள்."

"ஓம், ஓம்" என்று அவன் யன்னலை ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

நாங்கள் இரண்டு பேரும் ஒழுங்கையால் திரும்பி நடந்தோம். முடக்கடியில் அவர் நின்று மூச்சு வாங்கினார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.